சைக்கிள் நம்பரும் என் வயசும்

"பெத்துப் போடும்போதே உங்க மவ உடம்புல நம்பர் அடிச்சா வச்சிருக்கு, சைக்கிளுக்கு அடிச்ச மாதிரி?"

செங்கோட்டை ஆபீசில் பிறப்பு இறப்புப் பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த கிளார்க் என் அம்மாவிடம் இப்படிக் கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பாவாடை தாவணியில், ஈரக் குடையைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

ஆனி மாதச் சாரல் ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பதிவேடுகள், சிவப்புத் துணியில் மூட்டை மூட்டையாகக் கட்டிக் கிடந்தன. அதில் எங்கோ ஒரு மூட்டைக்குள் நான் இருந்தேன். எந்த மூட்டை என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. "எந்த வருஷம் பெறந்தா?" அதற்கு அம்மா சொன்ன பதிலும், அதன்மேல் நான் சொன்னதும்தான் அவரை அப்படிப் பேச வைத்தன.

"இவ அப்பா புது சைக்கிள் வாங்கின வருஷம் சார். அந்த சைக்கிள்லதான் பிள்ளையப் பார்க்க வந்தாவ. தொப்புள்கொடி கூட விழல."

"வருஷத்தப் பறயணும்மா. சைக்கிள் கத வேண்டாம்."

நான் பிறந்தது செங்கோட்டையில், அம்மாவின் தாய்வீட்டில். அந்த ஊர் திருவிதாங்கூரில் இருந்த காலத்து ஆள் அவர். பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும்.

நான் சொன்னேன். "சைக்கிள் எந்த வருஷத்துதுன்னு நம்பரைப் பார்த்து நான் சொல்லிருவேன் சார். அதை வச்சு நீங்க தேடலாம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நானும் இருபது வருஷமா சைக்கிள்தான் சவிட்டுதேன். அதுல வருஷம் எழுதி வச்சு நான் கண்டதில்ல." பிறகு அம்மாவிடம் திரும்பி, "ஒரு மனுவுக்கு ஒரு வருஷத்து ரிஜிஸ்டர்தான் எடுப்பேன். அதுல இல்லன்னா அடுத்த மனு அடுத்த வாரம். வருஷத்தோட வாங்க" என்றார்.

அடுத்த வாரம் என்பது எனக்கு இல்லை. அன்று திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமைக்குள் என் வயசு எனக்கு வேண்டும்.

ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

எனக்கு வயசு இல்லாமல் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்தவர் அப்பா ஒருவர்தான். அதுவும் ஹெட்மாஸ்டரின் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவதற்கு. அப்படிப் போன ஒரு நாளில்தான் என்னையும் கையோடு கூட்டிப்போய் நிறுத்தினார்.

அந்தக் காலத்தில் வயசுக்கு அத்தாட்சி கை. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயசு முடிந்தது, பள்ளியில் சேரலாம். எனக்குக் கை குட்டை. இன்றைக்கும் குட்டைதான். காதுக்கு மேலே முடியைத்தான் தொட்டேன்.

"கை எட்டல. அடுத்த வருஷம் கூட்டிட்டு வா" என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார்.

அந்த ஒரு வருஷமும் அப்பா தினம் காலையில் கடைக்குப் போவதற்கு முன் என்னை நிறுத்தி, "எங்க, காதைத் தொடு பாப்போம்" என்பார். எட்டாது. "சவம், காது ஓடியா போவப் போவுது. நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

மறு வருஷம் எட்டியது. ஹெட்மாஸ்டர், போன வருஷம் திருப்பி அனுப்பியதை மறந்துவிட்டு, ஐந்து முடிந்தது என்று எழுதி, பிறந்த தேதிக்கு ஜூன் ஒன்று என்று போட்டார். அவர் எல்லோருக்கும் ஜூன் ஒன்றுதான் போடுவார். எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஒரே நாளில் பிறந்தவர்கள்.

பதினோரு வருஷம் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. தேறி, ஆசிரியப் பயிற்சிக்கு மனுப் போடும்போதுதான் வந்தது வினை. பயிற்சியில் சேரப் பதினேழு முடிந்திருக்க வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் எனக்குப் பதினாறு.

"உனக்குப் பதினாறு மாதிரி இல்லையே" என்றார் எங்கள் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை. அவர் நல்ல மனுஷி. விண்ணப்பத்தைத் தானே நிரப்பி, பிறந்த தேதிக்கான இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு, வயசைத் திருத்தச் சொல்லி ஒரு கடிதமும் எழுதி என் கையில் கொடுத்தார். பிறப்புப் பதிவேட்டின் நகலை வாங்கி அதோடு வைத்து, வெள்ளிக்கிழமைக்குள் திருநெல்வேலிக்கு ரிஜிஸ்டர் தபாலில் போட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் அவரால் முடியும்.

ஒரு வருஷம் பொறுத்துச் சேர்ந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கீழப்பாவூரில் எனக்கு ஓர் அத்தை இருந்தாள், அப்பாவின் அக்கா. அவளுடைய மகன் அரிசி ஆலையில் வேலை பார்த்தான்.

"ஒரு வருசம் வீட்டுல இருந்து என்னட்டி செய்யப் போற? வார தையில முடிச்சிருவோம். எங்க வீட்டுல வந்து இருந்துக்கிட்டு யோசி" என்றாள் அத்தை.

அத்தைக்கு என்மேல் கொள்ளைப் பிரியம். அதுதான் கஷ்டம். பிரியமில்லாதவளாக இருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். அப்பா அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்: இந்த வருஷம் இடம் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் கல்யாணம். வெள்ளிக்கிழமைக்குள் மனுப் போகாவிட்டால் சனிக்கிழமை நாள் குறிக்க வருவதாக அத்தை சொல்லியிருந்தாள்.

அருவிக் கரையில் ஒரு நோட்டு

கிளார்க்கிடம் நான் வாய்த்துடுக்காகச் சொன்னதாக அம்மா பஸ்ஸில் வரும்போது திட்டினாள். துடுக்கு இல்லை. எனக்கு உண்மையாகவே தெரியும்.

தென்காசியில் அப்பாவுக்கு வாடகை சைக்கிள் கடை. சீசன் மாதங்களில் குற்றாலத்தில், பேரருவிக்குப் போகிற வழியில், சைக்கிள் ஸ்டாண்ட் போடுவார். லீவு நாட்களில் நானும் போவேன். குற்றால சீசனைப் பற்றி எழுதும்போது அருவியையும் பலாப்பழத்தையும் பற்றியே எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் சீசன் என்பது நனைந்த சைக்கிள் சீட்டின் வாடை.

ஸ்டாண்டில் நிற்கிற சைக்கிள் எல்லாம் கறுப்பு. எல்லாம் ஒரே உயரம். தலை முழுக்க எண்ணெயோடு அருவிக்குப் போகிறவர்கள், சைக்கிளுக்கு அடையாளமாகக் கொடுத்த தகர வில்லையை இடுப்பில் செருகிக்கொண்டு போய், தண்ணீரில் விட்டுவிட்டு வருவார்கள். கண் சிவக்க, பசியோடு வந்து, கையில் அகப்பட்ட சைக்கிளை "இது என்னோடது" என்பார்கள். தினம் ஒரு சண்டை.

ஏழாம் வகுப்பு லீவில் நான் ஒரு நோட்டுப் போட்டேன். வருகிற சைக்கிளின் நம்பரை எழுதிக்கொள்வேன். சீட்டுக்குக் கீழே, குழாய்கள் சேருமிடத்தில், சில கம்பெனிகளுக்குப் பெடல் அச்சின் அடியில், நம்பர் அடித்திருக்கும். பெயின்ட் மூடி மங்கலாக இருந்தால் ஈர விபூதியைத் தடவித் துடைத்தால் போதும். பள்ளத்தில் விபூதி நின்று எண் வெள்ளையாகத் தெரியும். சண்டை வந்தால் நோட்டை எடுத்துப் படிப்பேன். அடங்கிவிடுவார்கள்.

எழுதும்போது சும்மா இருக்க மாட்டேன். "எப்ப வாங்கினது அண்ணாச்சி?" என்று கேட்பேன். யாரும் வருஷத்தைச் சொல்ல மாட்டார்கள்.

"எங்க நடுப்பய பெறந்த வருசம்."

"குளம் ஒடஞ்சி ஊருக்குள்ள தண்ணி வந்துல்லா, அந்த வருசம்."

"அது எங்க அண்ணனும் நானும் பேச்சை விட்ட வருசம் தாயி. எழுதிக்கோ."

அதையும் எழுதிக்கொண்டேன். ஆனால் கல்யாணச் சைக்கிள்கள் எனக்குத் தெய்வம் மாதிரி வந்தன. எங்கள் பக்கத்தில் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற மாதிரி, மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற சைக்கிளிலும் வெட்டுவார்கள். மணி மூடியிலோ மட்கார்டிலோ மாமனார் பெயர், மாப்பிள்ளை பெயர், வருஷம், மாதம் எல்லாம் இருக்கும். யாருடைய ஞாபகத்தையும் நம்ப வேண்டியதில்லை.

அந்தச் சைக்கிள்களின் நம்பரை மட்டும் தனியாக வரிசைப்படுத்திப் பார்த்தேன். மான் மார்க் சைக்கிள்தான் அப்போது இங்கே அதிகம்; இங்கிலாந்திலிருந்து பெட்டியில் பாகம் பாகமாக வரும், திருநெல்வேலிக் கடையில் பூட்டி விற்பார்கள். அதன் நம்பருக்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். வருஷம் மாறினால் எழுத்து மாறுகிறது. வருஷத்துக்குள் நம்பர் ஏறுகிறது. யுத்தத்துக்கு முந்தின சைக்கிளுக்கு எழுத்தே கிடையாது, வெறும் எண்.

'எச்' எழுத்துக்கு அடுத்து 'ஜே' வந்தது. நடுவில் இருக்க வேண்டிய 'ஐ' எழுத்தில் ஒரு சைக்கிளும் வரவில்லையே என்று இரண்டு சீசன் காத்திருந்தேன். பிறகு ஒருநாள் கணக்குப் பாடத்தின் நடுவில் புரிந்தது: 'ஐ' எழுத்தும் ஒன்று என்ற எண்ணும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அதனால் அதை விட்டுவிட்டார்கள். யாரும் சொல்லித்தராமல் நானாகக் கண்டுபிடித்த முதல் விஷயம் அது. அன்றைக்கு எனக்கு பெஞ்சில் உட்கார முடியவில்லை.

அதற்கப்புறம் அப்பாவுக்கு என்னை வைத்துப் பெருமையடிப்பதே வேலை. "எம் பிள்ளகிட்ட நம்பரைச் சொல்லு. உன் சைக்கிளுக்கு ஜாதகம் சொல்லிருவா" என்பார். அச்சன்புதூர்க்காரர் ஒருவர், ரெண்டு வருஷம்தான் ஓட்டியது என்று சொல்லி ஸ்டாண்டிலேயே தன் சைக்கிளை விற்க விலை பேசினார். நான் நம்பரைப் பார்த்து ஒன்பது வருஷம் என்றேன்.

"இந்தப் பிள்ளையக் கேட்டது யாரு?" என்றார் அவர்.

"சைக்கிள்தான் கேட்டுச்சு" என்றார் அப்பா. "மனுசன் மாத்திச் சொல்லுவான். நம்பர் மாத்திச் சொல்லாது."

உப்புத்தாள்

திங்கட்கிழமை செங்கோட்டையிலிருந்து வந்ததும் நேரே கடைக்குப் போனேன். அம்மாவும் கூடவே வந்தாள். அம்மா சொன்ன அந்தப் புது சைக்கிள் அப்பாவிடமே இருந்தது. வாடகைக்கு விடாமல் சொந்தத்துக்கு வைத்திருந்தார். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் அதற்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, தங்கக் கலரில் மெல்லிய கோடு இழுப்பார். நம்பர் இருந்த இடம் பெயின்டில் புதைந்து மேடாகிப் போயிருந்தது. ஊர்ச் சைக்கிளையெல்லாம் பார்த்த நான் எங்கள் வீட்டுச் சைக்கிளைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதுமில்லை.

"அப்பா, இதைச் சுரண்டணும்" என்றேன்.

"எதுக்குத் தாயி? பளபளன்னு இருக்கே."

"நம்பரைப் பார்த்தா வருஷம் தெரிஞ்சிரும். நாளைக்கே செங்கோட்டைக்குப் போயிரலாம்."

அப்பா ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பிடித்திருந்தார். அதில் குமிழி வந்துகொண்டே இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

நான் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன். ஒவ்வொரு வருஷத்துப் பெயின்டாக உரிந்து வந்தது. அடியில் பச்சை. மான் மார்க் பச்சை. விபூதியைத் தடவித் துடைத்தேன். ஆறு எண்கள் தெரிந்தன.

முன்னால் எழுத்து இல்லை.

இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். எழுத்து இருந்த அடையாளமும் இல்லை.

"அப்பா, இது யுத்தத்துக்கு முந்தினது" என்றேன். "நான் பெறக்குறதுக்குப் பத்து வருஷம் முன்னாடி செஞ்சது."

"நம்பர் தப்பா அடிச்சிருப்பான்" என்றார் அப்பா.

"நம்பர் மாத்திச் சொல்லாதுன்னு நீங்கதானப்பா சொல்லுவீங்க."

சொன்ன பிறகுதான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கு உறைத்தது. அம்மா பின்னால் நின்றாள். அவளுடைய வாழ்க்கையிலேயே பெரிய கதை அந்தப் புது சைக்கிள்தான். பஞ்சர் ஒட்டுகிறவனுக்கா பெண்ணைக் கொடுத்தாய் என்று தாத்தாவிடம் கேட்ட அவளுடைய அண்ணன்மார் முன்னால், செங்கோட்டைத் தெருவில் மணியடித்துக்கொண்டு புத்தம் புது சைக்கிளில் அப்பா வந்து இறங்கியதை அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்.

இன்னொரு பொய் சொல்ல அப்பாவுக்கு அப்போதும் வழி இருந்தது. நடுவில் சைக்கிளின் ஃபிரேமை மாற்றினேன் என்று சொல்லியிருந்தால் நாங்கள் நம்பியிருப்போம். என் வயசு போயிருக்கும். அவர் மானம் நின்றிருக்கும்.

அவர் டியூபைத் தொட்டியில் விட்டுவிட்டு எழுந்து கையைத் துடைத்தார்.

"பழசுதான்" என்றார். "வடகரை மீரான் பாய்கிட்ட வாங்கினது. ரெண்டு நாளா பெயின்ட் அடிச்சேன். உங்க அண்ணமார் சைக்கிளைத் தடவித் தடவிப் பார்த்தாவ. பெயின்ட் கையில ஒட்டிருமோன்னு எனக்கு உசிரே இல்ல."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா, என்னைப் பார்க்காமல், "பாய் புது சைக்கிள் வாங்கினாரு. அதனாலதான் பழச எனக்குத் தந்தாரு. ஒரே நாள்ல" என்றார்.

நான் உப்புத்தாளைக் கீழே வைத்தேன். "அந்தப் புதுசு இப்ப யாருகிட்ட இருக்குப்பா?"

வடகரை

மறுநாள் காலையில் கேரியரில் என்னை வைத்து அப்பா மிதித்தார். வழியெல்லாம் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். முந்தின ராத்திரி அம்மா சோறு போட்டாள்; அந்தச் சைக்கிள் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

மீரான் பாய் தறி வைத்திருந்தார். கைலி நெய்து தாமே சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் விற்பவர். எங்களைப் பார்த்ததும் அவர் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தார்.

"என்னய்யா, பதினேழு பதினெட்டு வருசம் கழிச்சி சைக்கிளைத் திருப்பித் தர வந்திருக்கியா?"

அப்பா விஷயத்தைச் சொன்னார். பாய் என்னைப் பார்த்தார். "அந்தப் பிள்ளயா இது? உங்க அப்பன் அன்னிக்கி என்ன பாடு படுத்திட்டான் தெரியுமா. புதுச வண்டியில இருந்து இறக்கக்கூட விடல. 'பிள்ள பெறந்திருக்கு பாய், பார்க்கப் போவணும், நடந்து போனா மச்சினன்மார் சிரிப்பான்'னு வாசல்லயே நின்னான்."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த வருஷம், எந்த மாசம்னு ஞாபகம் இருக்கா பாய்? பில்லு இருக்கா?" என்று கேட்டேன்.

"பில்லைக் கரையான் தின்னுட்டு."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "கரையான் ஒண்ணும் திங்கல. நீங்கதான் அதைச் சுருட்டிச் சுருட்டுப் பத்த வச்சிய."

"வருசம் நெனவில்ல புள்ள. மழைக்காலம் வரப்போற நேரம். அது மட்டும் தெரியும். புதுச நனைக்கக் கூடாதுன்னு கைலியப் போட்டு மூடி வச்சேன்."

"அந்தக் கைலியும் எனக்கு எடுத்து வச்சிருந்தது" என்றது உள்ளேயிருந்து குரல்.

சைக்கிள் கொல்லையில் நின்றது. சீட்டில் சணல் சாக்குச் சுற்றியிருந்தது. பாய் அதற்கு ஒருநாளும் பெயின்ட் அடித்ததில்லை. குனிந்து பார்த்தேன். துடைக்கவே வேண்டியிருக்கவில்லை. 'கே' எழுத்து. பின்னால் முப்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம்.

அங்கேயே நோட்டைப் பிரித்தேன்.

புரட்டாசியில் கல்யாணம் இல்லை

'கே' எழுத்தில் எனக்கு நாலைந்து கல்யாணச் சைக்கிள்கள் இருந்தன. முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சத்தில் ஒன்று: மணியில் விரோதி வருஷம் ஆவணி மாதம் என்று வெட்டியிருந்தது. நாற்பத்தோராயிரத்தில் இன்னொன்று: அதே விரோதி, ஐப்பசி. இடையில் ஒன்றுமில்லை.

ஏன் ஒன்றுமில்லை என்று முன்பெல்லாம் யோசித்திருக்கிறேன். புரட்டாசியில் எங்கள் ஆட்கள் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் என் நோட்டில் புரட்டாசிக்குச் சைக்கிளே கிடையாது. கல்யாணத்துக்காக வாங்காத பாயின் சைக்கிள் அந்த இடைவெளியில் போய் உட்கார்ந்தது.

"கெடச்சிட்டா?" என்றார் அப்பா.

"விரோதி. ஆவணிக்கும் ஐப்பசிக்கும் நடுவுல."

அப்பா விரலை மடக்கி எண்ணினார். "அப்ப உனக்குப் பதினேழு முடிஞ்சி..."

"முக்கால் வருஷம் ஆகுது."

ஆனால் எனக்குள் ஒரு பயம் இருந்தது. நம்பர் சொல்வது சைக்கிள் பிறந்த காலத்தை. விற்ற காலத்தை அல்ல. கப்பலில் வந்து, கடைக்காரன் மூலையில் ஒரு வருஷம் கிடந்து பாயிடம் வந்திருந்தால்? நோட்டில் அப்படி முன்னே பின்னே ஆனவையும் இருந்தன. கிளார்க் ஒரு பதிவேடுதான் எடுப்பார். அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. அவர் அவ்வளவு சந்தோஷமாக மிதித்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை பெரும் மழை. வியாழக்கிழமை காலை ரயிலுக்கு அம்மா தானாகவே கிளம்பி நின்றாள். கடையைத் திறக்க அப்பா இருந்துவிட்டார்.

ரயிலில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அம்மா முதல் தடவையாக அதைப் பற்றிப் பேசினாள்.

"ஏட்டி, செங்கோட்டையில எங்க அண்ணமார் யாராவது எதுக்க வந்தா, சைக்கிள் பழசுன்னு மூச்சு விட்டிராத."

"சரிம்மா."

"அவுகளுக்கு எதுக்கு அதெல்லாம்."

ஒரு பெருவிரல்

"வருஷம் கொண்டாந்தாச்சா?" என்றார் கிளார்க்.

நான் சொன்னேன். திருவிதாங்கூர்க் காலத்துப் பதிவேடு கொல்லம் ஆண்டுப்படி எழுதியது; அங்கே புது ஆண்டு ஆவணியில் பிறக்கும். விரோதி வருஷத்து ஆவணியில் தொடங்குகிற பதிவேடு வேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எழுந்து, மேலே இருந்த ஒரு மூட்டையை இறக்கி, முடிச்சை அவிழ்த்தார். தும்மினார்.

பதிவேடு மலையாளத்தில் இருந்தது. தமிழும் இங்கிலீஷும் படிக்கத் தெரியும் என்று நிமிர்ந்து நடந்த எனக்கு அதில் ஓர் எழுத்துக்கூடத் தெரியவில்லை. அம்மாவும் நானும் ஒன்றாக நின்று அவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆவணிப் பக்கங்கள் முடிந்தன. "இல்லயே" என்றார்.

அடுத்த பக்கம். அடுத்தது. விரல் இறங்குவதும் தாள் புரளுவதுமாக இருந்தது. கல்யாணத்துக்கென்று அத்தை வாங்கி வைத்திருப்பதாகச் சொன்ன சேலையின் நிறம் என்ன என்று எனக்குத் திடீரென்று யோசனை ஓடியது.

விரல் நின்றது.

"கன்னி மாசம். உங்க புரட்டாசி." அப்பாவின் பெயரை வாசித்தார். அம்மாவின் பெயரை வாசித்தார். "பிள்ளைக்குப் பேரு எழுதல. ஸ்த்ரீன்னு மட்டும் இருக்கு. இது நீதானா?"

"நான்தான் சார்" என்றேன்.

"தகவல் சொன்னது உங்க அம்மாவோட அப்பா. கைநாட்டு." அவர் பதிவேட்டை எங்கள் பக்கம் திருப்பினார்.

வரிசையின் கடைசியில் நீல மையில் ஒரு பெருவிரல் ரேகை இருந்தது. அம்மாவின் அப்பா இறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மா குனிந்து அதைப் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் அவளால் வாசிக்க முடிந்தது அது ஒன்றுதான். தொடலாமா என்று கிளார்க்கைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் திரும்பி, நகல் எழுதத் தாள் தேடினார்.

நகல் எழுதி, அதிகாரியின் கையெழுத்து வாங்கி வர மத்தியானம் ஆகிவிட்டது. காத்திருந்த நேரத்தில் வெளியே நின்ற கிளார்க்கின் சைக்கிளைப் போய்ப் பார்த்தேன். அதுவும் மான் மார்க்தான். அது எந்த வருஷத்துது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நகலைக் கொடுக்கும்போது, "ஆசிரியைக்கா படிக்கப் போற?" என்றார்.

"ஆமா சார்."

"செரி. பிள்ளைங்களுக்குத் தேதி ஒழுங்கா எழுது."

அங்கிருந்து நேரே தபாலாபீசுக்குப் போனோம். கவுண்டரில் நூல் கட்டித் தொங்கிய பேனாவால் விண்ணப்பத்தின் வெற்றிடத்தில் என் பிறந்த தேதியை எழுதினேன். மை திட்டுத் திட்டாக வந்தது. ஜூன் ஒன்றைத் தவிர வேறு ஒரு தேதியை என் பெயருக்கு எதிரே நான் எழுதியது அதுவே முதல் தடவை. மூன்று தாளையும் உறைக்குள் வைத்துப் பசை தடவினேன். முத்திரை விழுந்தது. ரசீதை அம்மா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சாயங்கால ரயிலில் ஏறி உட்கார்ந்தபோது, பிளாட்பாரத்தில் தபால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சாக்குப் பைகளை ஒவ்வொன்றாக எங்களுக்கு முந்தின பெட்டியில் தூக்கிப் போட்டார்கள். அம்மா ஜன்னலில் முகத்தை வைத்து எண்ணிக்கொண்டே இருந்தாள்.

தென்காசியில் நாங்கள் இரண்டு பேரும் இறங்கினோம். ரயில் இரண்டு நிமிஷம் நின்றது. பிறகு, பைகளை ஏற்றிய அந்தப் பெட்டியோடு, திருநெல்வேலிக்குப் போயிற்று.